பூக்காத ரோஜாவைத் தடுப்பது எது?

என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிவப்பு ரோஜா இரண்டு வருடம் பூக்காமல் நின்றது. தை மாதத்தில் வாங்கியபோது அதில் நான்கு மொட்டுகளும் விரிந்த பூ ஒன்றும் இருந்தன. அவை உதிர்ந்த பிறகு இலை வந்தது, முள் வந்தது, பூ மட்டும் வரவில்லை. கடலைப் புண்ணாக்குக் கரைசல், வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, டீத்தூள் என்று யார் எதைச் சொன்னாலும் போட்டேன். மூன்றாம் வருடம் தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. வாங்கிய நாளில் பாக்கெட்டுக்குள் இருந்த களிமண் உருண்டை கல் போல் இறுகி, அதே வடிவில் உள்ளே இருந்தது. அதைத் தாண்டி நாலைந்து மெல்லிய வேர்களே வெளியே வந்திருந்தன. நான் கொட்டிய சத்தெல்லாம் செடிக்கு எட்டாத இடத்தில் கிடந்தது.

ரோஜா வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி, “பூக்கவில்லை, என்ன போடலாம்?” என்பது. அந்தக் கேள்வியே நம்மைத் தவறான பக்கம் திருப்புகிறது என்பது இத்தனை வருட அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. இன்றைய தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவை இயல்பிலேயே பூத்துக்கொண்டே இருக்க வேண்டியவை. ஆகவே எது தடுக்கிறது என்றுதான் தேட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில், மாடியிலோ முற்றத்திலோ நிற்கும் செடியை மனத்தில் வைத்து, அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக இங்கே பார்க்கலாம்.

பூப்பது அதன் இயல்பு

காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு பருவம் மட்டுமே பூக்கும். சீனத்தில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட தோட்ட ரோஜாக்கள் அப்படியில்லை. பூப்பதை அடக்கி வைக்கும் ஒரு மரபணு அவற்றில் செயலிழந்துவிட்டதால், துளிர்க்கும் கிளையெல்லாம் நுனியில் மொட்டு வைக்கும். ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் இதை விளக்கினார்கள். அந்தச் சீன ரோஜாக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா போய், அங்கிருந்த ரோஜாக்களோடு கலந்து, இன்று நாம் வாங்கும் வகைகளுக்கு மூதாதை ஆயின. 1867இல் பிரான்சின் லியோன் நகரில் கியோ என்ற ரோஜா வளர்ப்பாளர் அறிமுகப்படுத்திய ‘லா பிரான்ஸ்’ ரோஜாவையே முதல் ஹைபிரிட் டீ ரோஜாவாகக் கொள்கிறார்கள்.

இதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. புதுக் கிளை வந்தால் பூ வரும். ஆகவே பூ வராத செடியில் பார்க்க வேண்டியது, புதுக் கிளை வருகிறதா என்பதை. கிளையே வரவில்லை என்றால் வேரிலோ தண்ணீரிலோ கோளாறு. கிளை வந்தும் நுனியில் மொட்டு இல்லாமல் மலடாக நின்றால் வெயில் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். மொட்டு வந்து விரியாமல் கருகினால் பூச்சியைத் தேட வேண்டும்.

அது எந்த ரோஜா?

செடியைக் குறை சொல்லும் முன் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் பன்னீர் ரோஜா என்ற பெயரில் மாலைக்கும் பூஜைக்கும் விற்பது எட்வர்டு ரோஜா. இந்துமாக்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் போர்போன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயற்கையாகக் கலந்து உருவான வகை இது. வெப்பம் தாங்கும், நம் மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். கொத்தாகச் சிறு சிவப்புப் பூ தரும் ஆந்திரா ரெட்டும் அப்படியே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சமவெளிக்கு உதிரிப் பூ ரோஜாவாகப் பரிந்துரைப்பதும் இவற்றைத்தான்.

நீண்ட காம்பில் ஒற்றைப் பெரும் பூவாக வரும் ஹைபிரிட் டீ வகைகள் குளிர்ந்த இடங்களில் செழிப்பவை. ஓசூர், தளி பகுதிகளில் பசுமைக் குடில்களில் வளரும் ரோஜாவுக்குக் கிடைக்கும் இரவுக் குளிர் மதுரையிலோ சென்னையிலோ கிடையாது. 1995இல் தொடங்கப்பட்ட ஊட்டி ரோஜாப் பூங்காவை மே மாதத்தில் பார்த்துவிட்டு, அதே ஆசையில் ஒரு செடியை வாங்கி வந்து அக்கினி நட்சத்திர வெயிலில் நடுகிறவர்கள் உண்டு. அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் பூத்த ரோஜா, இங்கே சித்திரையில் சிறுத்த, இதழ் குறைந்த பூ தந்தால் அதை நோயென்று நினைக்க வேண்டாம். வெப்பம் கூடினால் பூ சிறுக்கும். அதே செடி மார்கழி, தையில் முழுப் பூ தரும்.

கோதுமை ஆராய்ச்சியாளரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி.பி. பால், இந்தியாவிலேயே பல ரோஜா வகைகளை உருவாக்கினார். 1966இல் இந்திய ரோஜாக்களைப் பற்றித் தனி நூலும் எழுதினார். அவ்வளவு பெரிய பொறுப்புகளுக்கு இடையிலும் ஒரு விஞ்ஞானி இதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார். இடத்துக்கேற்ற வகையைத் தேர்ந்தெடுப்பதை நாமும் அலட்சியமாக எண்ணக் கூடாது.

வகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒட்டு. நர்சரியில் கிடைக்கும் ஹைபிரிட் ரோஜா அநேகமாக ஒட்டுச்செடி. அடியில் வலிமையான வேர்ச்செடி, மேலே நாம் விரும்பிய வகை. அடித்தண்டில் முண்டு போல் தெரியும் இடம்தான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேர்ச்செடியுடையது. அது மேல்செடிக்குப் போக வேண்டிய தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொண்டு மளமளவென்று வளரும். பூவே வைக்காமலும் போகலாம். “நான் வாங்கியது சிவப்பு, இப்போது வெள்ளையாகப் பூக்கிறது” என்று சிலர் சொல்வதன் பின்னணி இதுதான். ஏழு இலை இருந்தால் காட்டுத்தளிர், ஐந்து இருந்தால் நல்ல தளிர் என்ற கணக்கை நம்பிப் பலர் நல்ல கிளையை வெட்டிவிடுகிறார்கள். நல்ல வகைகளிலும் ஏழு சிற்றிலைகள் வரும். தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதே சரியான அடையாளம். ஒட்டுக்குக் கீழே என்றால், கத்தரிக்காமல் அடியோடு கிழித்து எடுக்க வேண்டும். கத்தரித்தால் அடிக்கண்ணிலிருந்து மறுபடி வரும்.

வெயில்

ரோஜாவுக்குத் தினமும் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அதிலும் காலை வெயில் விலை மதிப்பற்றது. இரவில் இலைமேல் படிந்த ஈரத்தை அது சீக்கிரம் உலர்த்திவிடுவதால் நோயும் குறையும். பால்கனிக் கம்பிக்குள்ளே, சன்னல் ஓரத்தில், மாமரத்தின் நிழலில் நிற்கும் ரோஜா ஒல்லியாக நீண்டு வளர்ந்து மொட்டில்லாமல் முடியும். அதற்கு உரமிட்டால் இன்னும் நீளும், அவ்வளவுதான். செடி இருக்கும் இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எப்போது போகிறது என்று ஒருநாள் குறித்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சூரியனின் பாதை மாறுவதால் ஆடியில் வெயில் விழுந்த மூலை மார்கழியில் நிழலாகலாம். வருடத்துக்கு இரண்டு முறையாவது இதைப் பார்ப்பது நல்லது.

மாடியில் எதிர்ச் சிக்கல் வரும். சித்திரை, வைகாசியில் சிமெண்ட் தளத்தின் சூடு தொட்டிக்குள் ஏறி வேரைச் சுடுகிறது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் இன்னும் மோசம். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, தொட்டிகளை நெருக்கி, பிற்பகலில் மட்டும் பச்சை வலை நிழல் கொடுத்தால் அந்த இரண்டு மாதத்தைக் கடந்துவிடலாம்.

வேரடி

என் ரோஜாவைத் தடுத்தது இது என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

வண்டியிலும் சாலையோரத்திலும் விற்கும் செடிகளில் பல, ஒட்டும் களிமண் உருண்டையோடு வருகின்றன. கோதாவரிப் படுகையில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம், நாடெங்கும் செடி அனுப்பும் நர்சரி ஊர். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து பல நாள் பயணம் செய்யும் செடிக்கு ஈரம் காக்கும் களிமண் அவசியம். பயணத்தில் காப்பாற்றும் அதே மண் தொட்டியில் சிறையாகிவிடுகிறது. நாம் செம்மண்ணும் தொழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த பொலபொலப்பான கலவையில் அந்த உருண்டையை அப்படியே வைக்கிறோம். தண்ணீர் ஊற்றினால் அது கலவை வழியாக ஓடிக் கீழே போய்விடும். உருண்டை ஒருமுறை காய்ந்து சுருங்கினால் பிறகு நனைவதே கடினம். மேலே ஈரம் தெரியும். வேரோ வறட்சியில் இருக்கும்.

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். வாங்கிய செடியை ஒரு வாரம் நிழலில் பழகவிட வேண்டும். பிறகு உருண்டையை வாளித் தண்ணீரில் ஊற வைத்து, களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து, மூன்றில் இரண்டு பங்கையாவது எடுத்துவிட்டு நட வேண்டும். மாலையில் செய்வதும், பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுவதும் செடியின் அதிர்ச்சியைக் குறைக்கும். கோடையில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இடத்தின் அளவும் கணக்கில் வர வேண்டும். நிலத்தில் ரோஜாவுக்குச் சொல்லப்படும் குழி 45 செ.மீ. நீளம், அகலம், ஆழம். அதில் சுமார் 90 லிட்டர் மண் பிடிக்கும். 12 அங்குலத் தொட்டியில் 20 லிட்டருக்குள்தான். 8 அங்குலத் தொட்டியில் 6 லிட்டர்கூடத் தேறாது. அந்த 6 லிட்டருக்குள் ஒரு ஹைபிரிட் டீயை அடைத்துவிட்டு ஓசூர்ப் பூவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டியும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளிவேரைச் சீவி மண்ணை மாற்றுவதும் அடிப்படைத் தேவைகள். நிலத்தில் பல வருடம் ரோஜா நின்ற குழியிலேயே புது ரோஜாவை வைத்தாலும் அது சரியாக வேர் பிடிப்பதில்லை. இடத்தை மாற்ற வேண்டும், அல்லது குழி மண்ணை மாற்ற வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

ரோஜா உப்பைத் தாங்காத செடி. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம், முற்றிய இலைகளின் ஓரம் மட்டும் கருகுவது, இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது ஆகிய மூன்றும் தண்ணீரைச் சுட்டும் அறிகுறிகள்.

மூன்றாவது அறிகுறியை உரக் குறையென்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மண்ணில் இரும்பு இருக்கும்; சுண்ணாம்பு நீரால் மண்ணின் காரத்தன்மை ஏறிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியாது. ரோஜாவுக்கு உகந்த கார அமில நிலை 6 முதல் 7 வரை. அதைத் தாண்டிய மண்ணில் அன்னபேதி எனும் இரும்பு உப்பை வேரில் போட்டாலும் சீக்கிரமே செடிக்குக் கிட்டாத வடிவுக்கு மாறிவிடும். அன்னபேதியை லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிப்பது உடனடி நிவாரணம். காரமண்ணுக்கென்று உரக்கடையில் விற்கும் கொடுக்கிணைப்பு (செலேட்) இரும்பும் பயன் தரும். நிரந்தரத் தீர்வு தண்ணீரில்தான் இருக்கிறது.

மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. அதையும் சேர்த்து வைக்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் ரோஜாவுக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. அந்த நீரில் மூல நீரைவிட உப்பு அதிகம். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அது போதும், ரோஜாவுக்கு வேண்டாம். வேறு வழியே இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக உப்பை வெளியேற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. மழைக்குப் பின் ரோஜா புத்துயிர் பெறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரமும் வீட்டு வைத்தியமும்

மேலே சொன்னவை சரியாக இருந்தால்தான் உரத்துக்கு வேலை. நிலத்து ரோஜாவுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, செடிக்கு 10 கிலோ தொழு உரத்தோடு தழை, மணி, சாம்பல் சத்து முறையே 6, 12, 12 கிராம். அக்டோபர் கவாத்துக்குப் பின் ஒருமுறை, ஜூலையில் மறுமுறை. 6 கிராம் தழைச்சத்து என்பது 13 கிராம் யூரியா. ஒரு கைப்பிடிகூட வராது. 90 லிட்டர் மண்ணில் நிற்கும் செடிக்கே இவ்வளவுதான் என்றால், 20 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் கரும்பச்சை இலையும் மெல்லிய தளிரும் பெருகும், பூ குறையும், அசுவினி மொய்க்கும்.

வீட்டு வைத்தியங்களில் நல்லதும் உண்டு, வீணும் உண்டு. நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் நல்ல தழைச்சத்து. கட்டியாகப் போட்டால் எறும்பும் பூஞ்சையும் வரும். வேப்பம் புண்ணாக்கு மெதுவாகச் சத்து தருவதோடு மண்ணிலுள்ள புழுக்களையும் கட்டுப்படுத்தும். வாழைப்பழத் தோலில் சாம்பல் சத்து உண்டு. மக்கிய பிறகே கிட்டும், ஆகவே உரக்குழியில் போடுவது மேல். முட்டை ஓடு சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்பு நீர் பாயும் தொட்டிக்கு அதனால் நன்மையில்லை. எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்த செடிக்கு மட்டும் மருந்து. அதன் அடையாளம் முற்றிய இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் படர்வது. குறை இல்லாத செடிக்குத் தொடர்ந்து போட்டால் மற்றச் சத்துகளை வேர் உறிஞ்சுவதைக் கெடுக்கும். சர்க்கரை கலந்த டீத்தூளைக் கழுவாமல் போடக் கூடாது.

கவாத்து

புதுக் கிளையில்தான் பூ என்பதால் கத்தரி பூவின் நண்பன். வெட்டப் பயந்து விட்ட செடிகளே நான் பார்த்தவற்றில் அதிகம். காய்ந்தது, நோயுற்றது, உள்நோக்கி வளர்ந்து உரசுவது ஆகியவற்றை முழுதாக நீக்கி, வலுவான கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டுவது சமவெளிக்கான வழக்கம். வெட்டிய ஆறேழு வாரத்தில் பூ வரும். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் கார்த்திகை நடுவில் கத்தரியை எடுக்க வேண்டும்.

எப்போது வெட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பரிந்துரைகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்கின்றன. கோவை, திண்டுக்கல் போன்ற உள்மாவட்டங்களில் அக்டோபர் பெரும்பாலும் பொருந்தும். சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோரங்களில் அது அடைமழைக் காலம்; வெட்டுவாயில் நீர் தங்கி நுனியிலிருந்து தண்டு கருகிக்கொண்டே இறங்கும். அங்கே மழை ஓயும் வரை பொறுத்து மார்கழித் தொடக்கத்தில் வெட்டுவதே என் அனுபவத்தில் சரியாக வந்தது. பொங்கல் பூ கிடைக்காது, தைக் கடைசியில் பூ கிடைக்கும்.

எப்படி வெட்டுவது என்பதில் இருக்கும் அச்சம் தேவையற்றது. கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும் என்று நூல்கள் வலியுறுத்துகின்றன. பிரிட்டனின் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி நடத்திய சோதனையில், வேலி வெட்டும் கருவியால் கண் பார்க்காமல் வெட்டிய செடிகளும் குறையில்லாமல் பூத்தன. நம் ஈரக் காலத்தில் கருகல் நோய் உண்டு என்பதால் சுத்தமான கூர்க்கத்தரியும், வெட்டுவாயில் போர்டோ பசையோ குழைத்த மஞ்சளோ பூசுவதும் நல்ல பழக்கங்கள். கோணம் சற்றுப் பிசகினால் செடி சாகாது.

பூத்து வாடிய பூவை விட்டு வைப்பதும் ஒரு தடை. காய் பிடித்தால் செடியின் உழைப்பு விதைக்குப் போகும். வாடிய பூவை அதற்குக் கீழுள்ள முதல் ஐந்திலைக் கணுவோடு சேர்த்துக் கத்தரித்தால் அங்கிருந்து வலுவான கிளை வரும்.

பூச்சியும் நோயும்

பூப்பதை நேரடியாகக் கெடுப்பவை இரண்டு. இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்து சாறு உறிஞ்சும். இதழோரம் பழுப்பாகி மொட்டு விரியாது. வெள்ளைத் தாள்மேல் மொட்டைத் தட்டினால் நுண்ணிய கோடு போல் ஓடும். செஞ்சிலந்தி வறண்ட கோடையில் இலையடியில் பெருகும்; இலை மணல் தூவியது போல் வெளிறி உதிரும். இலையடியில் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே செஞ்சிலந்திக்கு எளிய வைத்தியம். இலைப்பேனுக்குப் பாதித்த மொட்டுகளைக் கிள்ளி அழித்து, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை மாலையில் தெளிக்கலாம்.

மழைக்காலத்தில் வருவது கரும்புள்ளி நோய். இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் அந்தப் பூஞ்சை புகுந்துவிடும். ஆகவே மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. உதிர்ந்த இலையை உடனே கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். நுனிக்கருகல் வந்தால் தண்டின் உட்பகுதி பழுப்பின்றி வெண்மையாகத் தெரியும் வரை கீழே வெட்ட வேண்டும். இங்கே தயங்கினால் கருகல் ஒட்டு வரை இறங்கிச் செடியே போய்விடும்.

எடுத்துவிடும் முடிவு

இந்தத் தடைகளைப் பார்த்துச் சரிசெய்த செடிக்கு ஒரு வருடம், அதாவது ஒரு முழுக் குளிர்ப்பருவம், கொடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் ஐந்து வைத்தியம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. வெயில், வேர், தண்ணீர், கத்தரி, உரம் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். அப்படியும் அடியிலிருந்து ஒரு புதுத் தண்டுகூட வராமல், ஒட்டு கறுத்து, இருக்கும் தண்டுகளும் வருடாவருடம் குறைந்தால் அந்தச் செடியை எடுத்துவிடலாம். உயிருள்ளதைப் பிடுங்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் ஒரு தொட்டி இடமும் ஒரு வீட்டின் தண்ணீரும் அளவானவை. அங்கே வேறொரு செடி நன்றாக வாழ முடியும்.

என் சிவப்பு ரோஜாவின் களிமண்ணைக் கரைத்து 14 அங்குலத் தொட்டியில் மாற்றி நட்டது ஒரு மார்கழி. உரம் எதுவும் போடவில்லை, தொழு உரம் கலந்த மண் மட்டும்தான். தை முழுதும் அது சும்மா நின்றது. மாசியில் ஒட்டுக்கு மேலிருந்து சுண்டுவிரல் கனத்தில் செந்நிறத் தளிர் ஒன்று கிளம்பியது. பங்குனியில் அதன் நுனியில் மொட்டு இருந்தது. சிவப்பு ரோஜா வாங்கிய அதே நாளில் வாங்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்கும் இதையே செய்தேன். அதன் ஒட்டு ஏற்கெனவே கறுத்திருந்தது, பிழைக்கவில்லை. அந்தத் தொட்டியில் மண்ணை மாற்றி இப்போது ஒரு எட்வர்டு ரோஜா நிற்கிறது. வாரம் இரண்டு நாளாவது சாமி படத்துக்கு அதிலிருந்து பூ கிடைக்கிறது.